பாடுவோர் செவிக்கு ஓர் ஒலிபெருக்கி

கோயில் வீதியிலே இன்னிசைக் கச்சேரி நடைபெறுகின்றது. மேடையின் இரு மருங்கிலும் பெரிய ஒலிபெருக்கிகள் சபையினரை நோக்கி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பாடகரின் குரல் ஊர் எல்லை வரை கேட்கின்றது. ஆயினும், அக்குரலைத் தெளிவாகக் கேளாதவர் ஒருவர் அங்கே இருக்கின்றார். அவர் அந்தப் பாடகரே. ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரை அவற்றின் தாழ்ந்த ஒலிகள் மாத்திரம் ஓர் உருமலாக வந்து சேரும். சொற்களைத் தெளிவாக்கும் உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் முன்னோக்கியே சென்றுவிடும். எதிரே ஒரு மதிலோ மண்டபமோ இருப்பின் இடர் இன்னும் பெரிது. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாகையால், 50 மீற்றர் தொலைவிலுள்ள மதிலிற் பட்டு மீளும் குரல் ஏறக்குறைய 0.3 செக்கன் பிந்தியே பாடியவரை வந்தடையும். அவ்வாறு பிந்திவரும் குரலைக் கேட்டுக்கொண்டு தாளம் பிசகாமற் பாடுதல் தேர்ந்த வித்துவான்களுக்கும் எளிதன்று.

தன் குரலைத் தான் கேளாதவன் என்ன செய்வான்? உரத்துப் பாடுவான். பிரெஞ்சு நாட்டுச் செவி மருத்துவரான எத்தியேன் லோம்பார்ட் 1911ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வில், இரைச்சலின் நடுவே நிற்கும் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகின்றான் என்பதை எடுத்துக் காட்டினார். மேடையில் நிகழ்வதும் இதுவே. முதல் உருப்படியிலேயே தொண்டை இறுகுகின்றது, சுருதி விலகுகின்றது, இரண்டு மணி நேரக் கச்சேரியின் முடிவில் குரல் கம்மிப்போகின்றது. சபையிலிருப்போர், "பாடகருக்கு இன்று சாரீரம் ஒத்துழைக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு எழுந்து செல்கின்றார்கள். பிழை சாரீரத்தில் இருந்திராது. பாடகரை நோக்கி ஓர் ஒலிபெருக்கி இல்லாமையே காரணமாக இருந்திருக்கலாம்.

பாடுவோரை நோக்கி வைக்கப்படும் அந்த ஒலிபெருக்கியையே மேடை மொனிற்றர் என்பர். அதன் வரலாறு நீண்டதன்று. 1961ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்கப் பாடகி ஜூடி கார்லண்ட் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் பாடியபோது, அவர் கேட்பதற்கென்றே மேடையின் பக்கங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. இத்தகைய ஏற்பாட்டின் முதல் நிகழ்ச்சிகளுள் அது ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆயினும் 1965 ஓகஸ்ட் 15ஆந் திகதி நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஐம்பத்தையாயிரத்திற்கும் அதிகமானோர் முன்னிலையில் பீற்றில்ஸ் குழுவினர் பாடியபோது அவர்களுக்கு அவ்வசதி வாய்க்கவில்லை. கூட்டத்தின் ஆரவாரத்திலே தங்கள் இசையைத் தாங்களே கேட்க முடியாமல் அவர்கள் இடர்ப்பட்டனர். பின்னர், 1970களிலே, சான் பிரான்சிஸ்கோவின் மக்கியூன் நிறுவனத்தைச் சேர்ந்த பொப் கவின் என்ற பொறியியலாளர், எப்பக்கத்தில் கிடத்துகின்றோமோ அதற்கேற்ப இருவேறு சாய்வில் ஒலி தரும் பெட்டியொன்றை வடிவமைத்தார். இன்று மேடை விளிம்பிலே ஆப்பு வடிவத்திற் கிடக்கும் பெட்டிகளைக் காணும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம். 1990களின் நடுப்பகுதி தொடக்கம் பெரிய இசைக்குழுக்கள் காதுக்குள் வைக்கும் சிறு கருவிகளுக்கு மாறத் தொடங்கின. அவை கைவிட்ட ஆப்புப் பெட்டிகள் பழம்பொருட் சந்தையை வந்தடைந்தன. சிற்றூர் இசைக்குழுவொன்றுக்கும் கலாமன்றமொன்றுக்கும் நல்ல மொனிற்றர் எட்டக்கூடியதாக இருப்பது இவ்வழியாலேதான். ஆனால் பழம்பொருள் வாங்குவதில் ஏமாற்றத்துக்கும் இடமுண்டு. ஊரவர் கொடுத்த சந்தாப் பணம் ஓர் ஊமைப் பெட்டிக்குப் போய்ச் சேருமாயின், மறு வருடம் சந்தா கேட்டுச் செல்ல எவர்க்கும் முகம் இராது.

முதலில் ஒரு பெயர் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். மொனிற்றர் என்ற இதே சொல்லால் ஒலிப்பதிவுக் கூடங்களில் மேசைமீது வைக்கப்படும் ஒலிபெருக்கிகளையும் அழைப்பர். அவை ஒரு மீற்றர் தொலைவில் அமர்ந்திருக்கும் ஒருவர் நுணுகிக் கேட்பதற்காக ஆக்கப்பட்டவை, மென்மையானவை. மிருதங்கமும் கீபோட்டும் ஒலிக்கும் திறந்தவெளி மேடையில் அவற்றை வைத்தால் ஒரு மாலைப்பொழுதிலேயே கருகிவிடக்கூடும். வீட்டு இசைப்பெட்டியின் ஒலிபெருக்கிகளைக் கழற்றிச் சாய்வான பலகைப் பெட்டியில் அடைத்து, கறுப்பு வர்ணம் பூசி விற்பதும் நடப்பதே. மேடைக்கென ஆக்கப்பட்ட பெட்டியைச் சில அடையாளங்களாற் கண்டுகொள்ளலாம். முகப்பிலே துணிக்குப் பதிலாகத் துளையிட்ட இரும்புத் தகடு இருக்கும். உள்ளே 10, 12 அல்லது 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்றும், உயர்ந்த ஒலிகளுக்கான கொம்பு ஒன்றும் இருக்கும். தூக்குவதற்குப் பக்கங்களிற் பிடி இருக்கும். கம்பி பொருத்துமிடத்தில், வீட்டுப் பெட்டிகளிற் காணும் அழுத்துக் கவ்விகளைக் காணமுடியாது. கால் அங்குல ஜாக் அல்லது திருகிப் பூட்டும் ஸ்பீக்கொன் பொருத்து அமைந்திருக்கும். மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் ஒலிவாங்கிக்குரிய மூன்று முனைப் பொருத்தே ஒலிபெருக்கிக்கும் பயன்பட்டிருக்கக் காணலாம். அதனை அப்படியே விட்டுவைத்தால், அவசரத்தில் எவரேனும் அம்பிளிபயரின் மின்னை ஒலிவாங்கிக் கம்பியோடு தொடுத்துவிடுவர். வாங்கிய அன்றே அதை மாற்றிவிடுவது நன்று.

அடுத்தது வாற்றுக் கணக்கு. பெட்டியின் பின்புறத்திலே "2000 வாற்று" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். தொடர்ந்து தாங்கும் வலு ஒன்று. நிகழ்ச்சி வலு என்று அதன் இருமடங்கைச் சொல்வர். கண நேர உச்ச வலு என்று நான்கு மடங்கைச் சொல்வர். ஆகவே நேர்மையான ஒரு பெட்டியிற்கூட 200, 400, 800 என்று மூன்று எண்கள் காணப்படலாம்; மூன்றும் ஒரே பொருளையே குறிப்பன. நேர்மையற்ற பெட்டிகளின் கணக்குக்கோ எல்லையில்லை. உண்மையில் வாங்குவோர் தேடவேண்டிய எண் வேறு. ஒரு வாற்று மின்வலுவைக் கொடுத்து ஒரு மீற்றர் தொலைவில் அளக்கும்போது எத்தனை டெசிபெல் ஒலி எழுகின்றது என்பதைக் குறிக்கும் எண் அது, உணர்திறன் எனப்படும். மின்வலுவை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மாத்திரமே கூடும். ஆதலால் 100 டெசிபெல் உணர்திறனுள்ள பெட்டி 50 வாற்றிற் செய்யும் வேலையை, 94 டெசிபெல் உணர்திறனுள்ள பெட்டி செய்வதற்கு 200 வாற்று வேண்டும். சிறிய அம்பிளிபயரோடு காலந்தள்ளும் குழுவினர்க்கு இந்த ஓர் எண்ணே பணத்தை மிச்சப்படுத்தித் தரும்.

பெயர்த்தகடு தொலைந்துபோன பெட்டிகளும் சந்தைக்கு வரும். அத்தகையவற்றின் ஆணிகளைக் கழற்றி, உள்ளிருக்கும் ஒலிபெருக்கியின் காந்தத்தையோ இரும்புச் சட்டத்தையோ பார்த்தால், பல வேளைகளில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க உற்பத்தியாளர்கள் தத்தமக்கென ஒரு குறியெண்ணும், அதனையடுத்து ஆண்டும் வாரமும் இடுவது வழக்கம். 220 என்பது ஜென்சன் நிறுவனத்தையும், 67 என்பது எமினன்ஸ் நிறுவனத்தையும் குறிக்கும். 67 என்ற எண்ணைத் தொடர்ந்து 8512 என்று காணப்படின், எமினன்ஸ் நிறுவனத்தார் 1985ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் ஆக்கியது என்று கொள்ளலாம். பெட்டியின் வெளிப்புறத்தில் வேறெந்தப் புகழ்பெற்ற பெயர் எழுதப்பட்டிருந்தாலும், உள்ளிருப்பதன் வயதை இவ்வெண் சொல்லிவிடும். ஆனால் அது சட்டத்தின் வயதேயன்றிக் கூம்புத் தாளின் வயதன்று. கருகிய சுருளையும் தாளையும் நீக்கிப் புதியன பொருத்தி விற்பது எங்கும் உள்ள தொழில். நல்ல கைவினைஞர் செய்திருப்பின் அதிற் குறைகூற ஒன்றுமில்லை. விளிம்பிலே பசை கட்டிகட்டியாக வழிந்திருந்தாலோ, நடுவிலுள்ள மூடி கோணலாக ஒட்டப்பட்டிருந்தாலோ விலகிக்கொள்வதே தக்கது.

இனி, கையாலும் மூக்காலும் செய்யவேண்டிய சோதனைகள் உள. விரல்களை அகல விரித்துக் கூம்பின் இருபுறமும் சமமாக வைத்து, மெல்ல உள்ளே அழுத்தி விடுதல் வேண்டும். அசைவு மெத்தென்று இருக்குமாயின் நன்று. உள்ளே மணல் உரைவது போன்ற ஒலி எழுந்தால், கம்பிச் சுருள் கருகிப் பருத்தோ நிலை பெயர்ந்தோ காந்தத்திற் தட்டுகின்றது என்பது பொருள். பின்புறத் துவாரத்தினூடே முகர்ந்து பார்க்கும்போது கருகிய வாசனை வருமாயின் வேறு சான்று வேண்டியதில்லை. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு பசையூட்டிய துணியாக இருப்பின் நெடுங்காலம் உழைக்கும். பஞ்சு போன்ற நுரைப்பொருளாக இருப்பின், நமது வெக்கையிலும் ஈரத்திலும் சில வருடங்களில் நைந்து, விரல் பட்டதும் மாவாக உதிரும். கடற்கரையை அண்டிய ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில், காந்தத்தின் இரும்புத் தட்டுகளிற் துரு ஏறியிருக்கின்றதா என்று கட்டாயம் நோக்குதல் வேண்டும். பாரம் குறைவாயிருப்பதை மாத்திரம் வைத்துப் போலி என்று தள்ளிவிடலாகாது; நியோடைமியம் என்னும் உலோகங் கலந்த காந்தங்கள் சிறியனவாயினும் மிகுந்த வலுவுடையன.

மல்ரிமீற்றர் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்வோர் ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் அவசியம். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியை அளந்தால் 8 காட்டாது, 5.5 முதல் 7 வரையில் ஓர் எண்ணையே காட்டும். மீற்றர் அளப்பது நேரோட்டத் தடையை; பெட்டியிற் குறித்திருப்பதோ ஆடலோட்டத் தடங்கலை. இந்த வேறுபாட்டை அறியாது நல்ல பொருளைப் பழுதென்று கைவிட்டவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய பொறி ஒன்றுளது. உயர் ஒலிக் கொம்புக்குச் செல்லும் வழியிலே கொள்ளளவி ஒன்று இருப்பதால் நேரோட்டம் அங்கே செல்லாது. ஆதலின் பெட்டியின் வாயிலில் மீற்றர் வைத்தால், பெரிய ஒலிபெருக்கியின் நலம் மாத்திரமே தெரியவரும். கொம்பு செத்திருந்தாலும் மீற்றர் மௌனமாகவே இருக்கும். சொற்கள் விளங்குவதற்குக் கொம்பே உயிராகையால், பாடவிட்டுக் கேளாமல் எந்தப் பெட்டியையும் வாங்குதல் கூடாது.

கேட்பதற்கு ஆரவாரமான பாட்டு வேண்டியதில்லை. கடைக்காரர் பெரும்பாலும் அதைத்தான் போட்டுக் காட்டுவர். அதன் இரைச்சலிலே எல்லாக் குற்றங்களும் மறைந்துபோகும். நன்கு பழகிய ஒருவரின் பேச்சுக் குரலே சிறந்த உரைகல். ஒலிவாங்கியொன்றை இணைத்துத் தோழர் ஒருவரைப் பேசச் செய்து, கண்ணை மூடிக் கேட்டால், சகரமும் தகரமும் தெளிவாக ஒலிக்கின்றனவா, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருக்கின்றதா என்பது உடனே தெரியும். அதன் பின்பு, கைத்தொலைபேசியிலிருந்து தாழ்ந்த மீடிறன் முதல் உயர்ந்த மீடிறன் வரை ஏறிச்செல்லும் ஒற்றைச் சுரத்தைச் சிறிய ஒலியில் விடலாம். எங்கேனும் ஓரிடத்தில் வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வு எழுந்தால், அது தளர்ந்த ஆணியாகவும் இருக்கலாம். கிழிந்த கூம்பாகவும் இருக்கலாம். ஆணியை முடுக்கியும் தீராவிடின் பெட்டியை விட்டுவிடலாம்.

இரண்டு பெட்டிகளைச் சோடியாக வாங்குவோர் 1.5 வோல்ற்று உலர் மின்கலமொன்றாற் செய்யக்கூடிய சிறு சோதனை உண்டு. மின்கலத்தின் நேர்முனையைப் பெட்டியின் நேர்முனையிலும், எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு முன்னோக்கித் துள்ளும். ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் துள்ளுமாயின், அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பயன்படுத்தும்போது ஒன்றின் ஒலியை மற்றது அழிக்கும். ஜே.பி.எல். நிறுவனத்தாரின் பழைய ஒலிபெருக்கிகள் பல பின்னோக்கித் துள்ளுமாறே அமைக்கப்பட்டவை; அது பழுதன்று. கம்பியை மாற்றித் தொடுத்தாற் போதும்.

அம்பிளிபயரைத் தன்னுள்ளேயே கொண்ட பெட்டிகள் இப்போது மிகுதியாக வருகின்றன. யப்பானிலிருந்து இறக்குமதியான பழைய பொருட்களுக்கு இலங்கையிலே நல்ல மதிப்புண்டு. ஆனால் யப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. நமது மின்சாரம் 230 வோல்ற்று. பின்புறத்தில் 100 என்று மாத்திரம் எழுதியுள்ள பெட்டியை நேரே நமது சுவர்ச் செருகியிற் பொருத்தினால், அதன் இசை வாழ்க்கை ஒரு செக்கனில் முடிந்துவிடும். 100 முதல் 240 வரை என்று அச்சிடப்பட்டிருந்தால் அச்சமில்லை. இன்றேல், தகுந்த மின்மாற்றியின் விலையையும் பெட்டியின் விலையோடு கூட்டிப் பார்த்தே பேரம் பேசல் வேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்த பின்னர், அதைப் பயன்படுத்துவதில் முதற் பகைவன் கூவல். மேடைகளிலே "மைக் கூவுகிறது" என்று சொல்லப்படும் அந்த ஊளை எவ்வாறு பிறக்கின்றது? மொனிற்றரின் ஒலி ஒலிவாங்கியிற் புகுகின்றது, பெருக்கப்பட்டு மீண்டும் மொனிற்றரில் வருகின்றது, மறுபடியும் புகுகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் எந்தச் சுரம் சிறிதேனும் வளர்கின்றதோ, அது கணப்பொழுதில் ஊளையாகிவிடும். இதனைத் தவிர்க்கும் வழி ஒலிவாங்கியின் குருட்டுப் பக்கத்தை அறிவதாகும். பாடகர்கள் பலரும் கையாளும் இதய வடிவப் புலமுள்ள ஒலிவாங்கி, 1966இல் வெளிவந்த ஷுவர் எஸ்.எம். 58 போன்றது, நேர் பின்புறத்திலேயே மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே பாடகருக்கு நேர் எதிரே, ஒலிவாங்கியின் வாற்பக்கத்தை நோக்கிப் பெட்டியை வைத்தல் வேண்டும். இன்னுங் குறுகிய புலமுள்ள ஒலிவாங்கிகளுக்குக் குருட்டிடம் நேர் பின்னால் இல்லை. முன்முகத்திலிருந்து ஏறத்தாழ 125 பாகை விலகி இரு பக்கங்களிலும் அமைந்திருக்கும். அவற்றுக்குப் பெட்டியைச் சற்றுப் பக்கவாட்டிலே தள்ளி வைத்தல் வேண்டும். இவ்வளவும் செய்தபின், பாடகர் ஒலிவாங்கியின் வலைத்தலையைக் கையாற் பொத்திப் பிடித்தாராயின் எல்லாம் வீணே. பின்புறத் துவாரங்கள் அடைபட்டதும் அதற்குக் குருட்டுப் பக்கமே இல்லாது போகின்றது.

நமது வித்துவான்கள் தரையில் அமர்ந்து பாடுவோர் என்பதை மேனாட்டுப் பெட்டி அறியாது. அது நின்று பாடுபவரின் செவியை நோக்கியே சாய்க்கப்பட்டுள்ளது. 45 பாகை சாய்வுள்ள பெட்டி ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் நிற்பவரின் காதை நேராக அடையும். அதே தொலைவில் ஒருவர் சப்பணமிட்டு அமர்ந்தாலோ, அவரது காதுக்கு 22 பாகை ஏற்றமே போதுமானது. கொம்பின் ஒலி மேலும் கீழும் 20 பாகை அளவே விரிவதாயின், சொற்களின் தெளிவெல்லாம் அவருடைய தலைக்கு மேலாகப் பறந்து போகின்றது. பாடகர் "ஒன்றும் கேட்கவில்லை, கூட்டுங்கள்" என்கின்றார், இயக்குநர் கூட்டுகின்றார், மைக் கூவுகின்றது. இருவரிலும் பிழையில்லை. பெட்டியின் பின் விளிம்பின் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, முகத்தைத் தாழ்த்திவிட்டால் காரியம் முடிந்தது. இருவேறு சாய்வுள்ள பெட்டியாயின் தாழ்ந்த சாய்வு வரும்படி புரட்டி வைக்கலாம். கருநாடக இசைக்காக மொனிற்றர் தேடுவோர் இருசாய்வுப் பெட்டிக்குச் சிறிது கூடுதலாகப் பணங் கொடுப்பினும் நட்டமில்லை.

மொனிற்றரில் எதை விடுவது என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். பாடகருக்குத் தம் குரலும் சுருதியும் வயலினிற் சிறிதளவும் போதும். மிருதங்க வித்துவானுக்குப் பாடகரின் குரல் வேண்டும். மிருதங்கம் அவர் மடியிலேயே இருக்கின்றது, அதை அவருடைய பெட்டியில் விடுவது கூவலுக்கு அழைப்பு. எல்லாவற்றையும் எல்லோர்க்கும் விட்டால், மேடையிலேயே ஒரு சந்தை இரைச்சல் எழுந்து சபையினர் கேட்கும் ஒலியையும் குழப்பிவிடும். மிக்சரிலே மொனிற்றருக்கென உள்ள தனிவழி, சபைக்குரிய ஏற்ற இறக்கத்தாற் பாதிக்கப்படாத முறையில் எடுக்கப்பட்டிருத்தல் அவசியம். குரலுக்கு வேண்டாத 100 ஹேட்ஸிற்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை வெட்டிவிட்டால் தரைப்பலகையின் உருமல் அடங்கும். நிகழ்ச்சிக்கு முன்னர் ஒலியைச் சிறுகச் சிறுகக் கூட்டி, முதலிற் கூவும் மீடிறனைக் கண்டு அதனை மாத்திரம் குறைத்து, பின் கூவும் எல்லைக்குச் சில டெசிபெல் கீழே நிறுத்திக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஒரே அம்பிளிபயரில் எத்தனை பெட்டிகளைத் தொடுக்கலாம் என்ற கேள்வியும் அடிக்கடி எழுகின்றது. 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்கமாகத் தொடுத்தால் 4 ஓம் ஆகும். மூன்றைத் தொடுத்தால் 2.7 ஓம். 4 ஓமுக்குக் கீழே செல்லாதே என்று எழுதப்பட்ட அம்பிளிபயருக்கு மூன்றாவது பெட்டி எமனாகும்.

இவ்வளவு முயற்சியும் பாடகர் தம் குரலைக் கேட்பதற்காகவே. கேட்குந் திறனை அதற்கு விலையாகக் கொடுத்தல் தகாது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகின்றது என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது. அக்கணக்கின்படி 100 டெசிபெல் ஒலிக்குக் கால் மணி நேரமே எல்லை. அருகில் வைத்த ஆப்புப் பெட்டி அந்த அளவை எளிதில் எட்டும். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியபின் காதில் மணியொலி கேட்குமாயின், அடுத்த முறை பெட்டியைக் கூட்டாமல் கொம்பின் திசையைத் திருத்துவதே முறை. பாடகர்கள் மேலும் மேலும் கூட்டச் சொல்வதற்குக் கேள்விக் குறைவே காரணமாய் இருத்தலும் கூடும்.

நிகழ்ச்சி ஓய்ந்து பெட்டிகள் அறைக்குத் திரும்பும்போது சீமெந்துத் தரையிலே கிடத்துதல் நன்றன்று. ஈரம் பலகையில் ஏறும். இரு மரச் சட்டங்களின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தல் வேண்டும். காற்றுத் துவாரங்களிலே குளவி கூடு கட்டாதிருக்க மெல்லிய வலைத்துணியால் மூடிவைத்து, பயன்படுத்துமுன் மறவாது அகற்றிவிடலாம். மாரி காலத்திலே மாதத்திற்கு ஒருமுறை அரை மணி நேரம் மெல்லிய ஒலியிற் பாடவிட்டுப் பார்த்துக்கொள்வது நன்று.